பாஸ்டரும் நானும் கைவிடப்பட்ட மத்தியானம்

பாப்பா, தம்பி, ரெண்டு பேரும் போனைக் கொஞ்ச நேரம் கீழே வைத்துவிட்டு இதைப் படியுங்கள். அப்பா பத்தாவதுக்கு மேல் படித்தவன் இல்லை. எழுத்தில் தப்பு இருந்தால் உங்கள் அம்மாவிடம் காட்டிச் சிரித்துக்கொள்ளுங்கள், என்னிடம் காட்டாதீர்கள்.

நேற்று மணலியில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றுவிட்டன. நான் வீடு வர இருட்டிவிட்டது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் வண்டியில் ஏற வேண்டும் என்பது எங்கள் யார்டு சட்டம். வெளியே வந்து போனைப் பார்த்தால் திரை முழுக்கப் பாப்பாவின் அழைப்பு. வீட்டுக்கு வந்தால், பாப்பா, நீ வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாய். "அப்பா இன்னா பச்சைப் புள்ளையா, காணாமப் போறதுக்கு?" என்று உங்கள் அம்மா திட்டினாள். தம்பி சிரித்தான். நீ மட்டும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு மட்டும் ஏம்பா இப்படி நெஞ்சு அடிச்சுக்குது?" என்று கேட்டாய்.

நான் கை கால் கழுவப் போய்விட்டேன். பதில் தெரியாமல் இல்லை. அந்த நெஞ்சடிப்பு எனக்குப் பழக்கமானது. அதைச் சொல்ல ஆரம்பித்தால் ஒரு முழுக் கதை சொல்ல வேண்டும், சாப்பிடும்போது சொன்னால் தம்பி நடுவில் புகுந்து கெடுத்துவிடுவான். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் நாலாவது படிக்கும்போது நாங்கள் திருவொற்றியூரில், ஹைரோட்டுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு சந்தில் குடியிருந்தோம். என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் மளிகைக் கடை வைத்திருந்தார். கடற்காற்று அடித்தால் சந்து முழுக்கக் கருவாட்டு வாசம். காற்று திரும்பி மேற்கிலிருந்து அடித்தால் உரக் கம்பெனி வாசம், கண் எரியும். இரண்டும் கலந்து அடிக்கும் நாளில் அம்மா ரசத்தில் பூண்டை இரண்டு மடங்கு தட்டிப் போடுவாள். "அப்பத்தான் நாம ரசம் குடிக்கோம்னு தெரியும்" என்பாள்.

எங்கள் சந்துக்குக் கடிகாரம் தேவைப்பட்டதில்லை. கம்பெனிகளில் ஷிப்டு மாறும்போது சங்கு ஊதும். ஒரு சங்குக்கு அரிசி களைவார்கள், அடுத்த சங்குக்குக் குழாயடியில் குடத்தை வைப்பார்கள்.

சந்தின் கடைசியில் கல்நார் கூரை போட்ட எங்கள் சபை. பின்புறமே பாஸ்டர் வீடு. பாஸ்டர் ஆண்டவரிடம் வருவதற்கு முன்னால் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். தோள் இரண்டும் கதவு அகலம் இருக்கும். மேடையில் நின்றால் சுத்தமான வேதாகமத் தமிழ் பேசுவார், மேடையை விட்டு இறங்கினால் காசிமேட்டுத் தமிழ். இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு படிக்கட்டுதான் இருந்தது.

அவருக்குப் பிடித்த பிரசங்கம் இரகசிய வருகை. ஒருநாள், யாரும் நினைக்காத நேரத்தில், வானத்தில் எக்காளம் ஊதும். ஆண்டவர் தம்முடைய ஜனங்களை அப்படியே மேலே எடுத்துக்கொள்வார். மற்றவர்கள் கைவிடப்படுவார்கள். இதை விளக்க மேடைக்குப் பின்னால் ஒரு பெரிய துணிப்படம் தொங்கும். சினிமா பேனர் எழுதுகிற ஒருவர் ஆண்டவரை ஏற்றுக்கொண்ட சந்தோஷத்தில் இலவசமாக வரைந்து கொடுத்தது. படத்தில் இருந்தது எங்கள் ஊரேதான். புகைபோக்கிகள், உச்சியில் எரியும் நெருப்பு, கடல், டிரைவர் இல்லாத ஒரு பஸ். ஜனங்கள் வெள்ளை உடையில் மேலே போய்க்கொண்டிருந்தார்கள். கீழே தரை முழுக்க அவர்கள் விட்டுப்போன செருப்புகள், ஜோடி ஜோடியாக. பேனர்காரருக்குக் கால்விரல் வரைய வராதாம், அதனால்தான் காலை மேகத்தில் மறைத்துவிட்டுச் செருப்பைக் கீழே போட்டுவிட்டார் என்று என் அக்கா சொன்னாள். எனக்கு அதெல்லாம் தெரியாது. போகிறவர்களின் செருப்பு கீழே கிடக்கும் என்று மனதில் பதிந்துவிட்டது. எல்லாருக்கும் முன்னால், மேகத்தைத் தொட்டபடி, முறுக்கு மீசையோடு பறந்தவர் நம் பாஸ்டர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நான் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்துக் கேட்டேன். "பாஸ்டர், அந்த எக்காளம் எப்படிக் கேக்கும்?"

அவருக்கு அப்போது பசி. டிபன் கேரியரைத் திறந்துகொண்டே, "கம்பெனி சங்கு கீது பாரு, அத்த மாதிரிதான். ஆனா பத்து மடங்கு. வுடாம ஊதும்" என்றார்.

அவ்வளவுதான், பாப்பா. அவர் தயிர்சாதத்தில் கை வைத்தார், என் நிம்மதி போயிற்று.

மறுநாளிலிருந்து சங்கு ஊதினால் நான் எங்கிருந்தாலும் வீட்டுக்கு ஓடினேன். பள்ளி ஹைரோட்டைத் தாண்டியதும் இருந்தது. சாப்பாட்டு நேரத்துச் சங்குக்குத் தட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து, மூச்சிரைக்க அம்மா முகத்தைப் பார்ப்பேன். இருக்கிறாள். சரி. திரும்ப ஓடுவேன். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், "நீ என்ன பாவம் செஞ்ச, பயப்படுதே?" என்று கேட்பார்களே. எந்தப் பாவத்துக்காக என்னை விட்டுவிடுவார்கள் என்பதே தெரியாததுதான் பெரிய பயம்.

பெரியவர்கள் ஆளுக்கு ஒன்று நினைத்தார்கள். டீச்சர் வயிற்றுப்போக்கு என்று நினைத்து, கை தூக்குவதற்கு முன்பே "போ, போ" என்பார். அப்பா வயிற்றுப் பூச்சிக்கு மருந்து வாங்கிக் கொடுத்தார். அம்மாதான் எல்லாரையும் மிஞ்சினாள். சபையில் ஆண்டவர் செய்த நன்மைக்குச் சாட்சி சொல்ல எழுந்து, "எம் மவன் சங்கு ஊதுனா ஓடி வந்து எம் மொகத்தப் பாத்துட்டுப் போறான். அம்மா மேல அம்புட்டுப் பாசத்த ஆண்டவர் குடுத்திருக்காரு" என்று அழுதாள். சபையே அல்லேலூயா சொன்னது. பாஸ்டர் எல்லாரையும் விடச் சத்தமாகச் சொன்னார்.

சரியாகக் கண்டுபிடித்தது எதிர்வீட்டு மீன்கார அக்கா மட்டும்தான். சபைப் பக்கமே வராதவள். "யம்மா, புள்ள எதுக்கோ பயந்துகினு கீறான். தர்காவுக்கு இட்டுனு போயி ஒரு தபா மந்திரிச்சுட்டு வா" என்றாள். அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "இயேசுவே!" என்று உள்ளே போய்விட்டாள்.

நானோ அந்த அக்காவை வேறு ஒரு கணக்கில் வைத்திருந்தேன். அவள் சபைக்கு வராதவள், ஆகவே எப்படியும் இங்கேயே இருப்பாள். ஒருநாள் அவள் வஞ்சிர மீனைத் துண்டு போட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டேன்.

"அக்கா, எங்க வீட்டுல எல்லாரும் போய்ட்டா நீ எனக்குச் சோறு போடுவியா?"

"எங்கடா போறீங்கோ? வூடு காலி பண்றீங்களா இன்னா?"

"எப்ப போவோம்னு தெரியாதாம். திடீர்னு போய்டுவாங்களாம்."

"சொல்லாமக் கொள்ளாமயா? இன்னா நைனா இது பேஜாரு!"

அந்த வார முடிவில் வீட்டுக்காரர் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடியை அழைத்து வந்து எங்கள் சமையலறையைக் காட்டிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தப் பெண் எங்கள் அலமாரியைத் திறந்து பார்த்து, "இடம் பத்தாதுங்க" என்று வேறு சொல்லிவிட்டுப் போனாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அந்த ஒத்திகை வந்தது. சந்துக்குப் பின்னால் இருந்த ஒரு கம்பெனியில் வாயு கசிந்தால் ஜனங்கள் எப்படித் தப்பிக்க வேண்டும் என்று பழக்கிக் காட்டப் போகிறார்களாம். சங்கு விடாமல் ஊதும். உடனே அடுப்பை அணைத்துவிட்டு, ஈரத்துணியால் மூக்கை மூடிக்கொண்டு, காற்றுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் மைதானத்துக்கு ஓட வேண்டும். முதலில் வந்து சேருகிற தெருவுக்கு, வீட்டுக்கு ஒன்று என்று எவர்சில்வர் தூக்குவாளி பரிசு. ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனபோது நான் பள்ளியில் இருந்தேன். அம்மா என்னிடம் சொல்லவே இல்லை. "எதிர்வீட்டுக்காரி சொன்னாப்ல சங்குன்னாலே எதுக்கோ மெரளுதான், சொன்னா காய்ச்சல் வந்துரும். அவன் பள்ளிக்கூடம் விட்டு வாரதுக்குள்ள நாம திரும்பிருவோம்" என்று, வீட்டோடு இருந்த அக்காவிடமும் வாயைத் திறக்கக் கூடாதென்று சொல்லிவிட்டாள். என் மேல் இருந்த அன்பினால்தான் அப்படிச் செய்தாள்.

பாஸ்டருக்கும் தெரியாது. அரக்கோணம் பக்கம் ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு அன்று காலையில்தான் வந்தார். அலுப்பில் தூங்கி எழுந்து, குளிக்கப் போனார். சங்கு ஊதும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே பாஸ்டரம்மா குளிக்கும் மறைப்பின் தட்டிக் கதவைத் தட்டி, "நான் போறேங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கிறார்.

அன்று எங்கள் பள்ளியில் தண்ணீர் வரவில்லை. மத்தியானமே விட்டுவிட்டார்கள்.

நான் ஹைரோட்டைக் கடக்கும்போது சங்கு ஆரம்பித்தது. ஷிப்டு சங்கு இல்லை. ஏறி இறங்கி, ஏறி இறங்கி, நிற்கவே இல்லை. பத்து மடங்கு. வுடாம ஊதும். ரோட்டோரம் நின்றேன். சுற்றிப் பார்த்தேன். டேங்கர் லாரிக்காரர்கள் எல்லாரும் அப்படியே இருந்தார்கள். ஹாரன் அடித்து, ஒருவரை ஒருவர் அம்மா அக்கா என்று திட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

சந்துக்குள் நுழைந்தேன். ஒரு ஆள் இல்லை. எல்லா வாசலிலும் செருப்பு. பரிசுத் தூக்குக்காக வெறுங்காலோடு ஓடியிருக்கிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? அம்மாவின் ஊக்குப் போட்ட ரப்பர் செருப்பு, ஒன்று நேராக, ஒன்று கவிழ்ந்து. அக்காவின் நீலச் செருப்பு. உள்ளே ரேடியோ தனக்குத்தானே பாடிக்கொண்டிருந்தது. அடுப்பு அணைந்திருந்தது, சோற்றுப் பானை சுட்டது.

இருக்கட்டும், மீன்கார அக்கா இருப்பாள் என்று எதிர்வீட்டுக்கு ஓடினேன். அவளும் இல்லை! பலகையில் மீன் பாதி அறுத்தபடி கிடந்தது. பூனை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. சபை வாசலை மிதிக்காத அவளையே ஆண்டவர் எடுத்துக்கொண்டார், என்னை வேண்டாம் என்றுவிட்டார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. நடுச்சந்தில் நின்று, "அம்மா!" என்று கத்தினேன்.

சபைக்குப் பின்னாலிருந்து தட்டிக் கதவு திறந்தது. இடுப்பில் துண்டு, தலை முதல் மார்பு வரை சோப்பு நுரை, ஒரு கண் மூடி ஒரு கண் திறந்தபடி பாஸ்டர் வந்து நின்றார்.

"இன்னாடா கத்துற? அம்மா எங்க?"

"போய்ட்டாங்க பாஸ்டர். எல்லாரும் போய்ட்டாங்க."

"எங்க போய்ட்டாங்கோ?"

நான் மேலே கையைக் காட்டினேன்.

சங்கு இன்னும் ஊதிக்கொண்டிருந்தது. பாஸ்டர் அண்ணாந்து பார்த்தார். பிறகு சந்தைப் பார்த்தார். வாசல் வாசலாகக் கிடந்த செருப்புகளைப் பார்த்தார். கடைசியாகத் தன் வீட்டு வாசலில் பாஸ்டரம்மாவின் செருப்பைப் பார்த்தார். மூடியிருந்த கண்ணும் திறந்துகொண்டது, சோப்பு எரிந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

"அவ சொல்லிகினுதான் போனா," என்றார் மெதுவாக. "நான் போறேங்கன்னு சொன்னா. நான்தான் சரின்னுட்டேன்."

துணி துவைக்கிற கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் அவரையே பார்த்தேன். படத்தில் முதல் ஆளாகப் பறந்தவர்.

"பாஸ்டர், நீங்களுமா?"

"டோல்கேட்டாண்ட ஒரு வடை துன்னேன்டா," என்றார். "உபவாச ஜெபத்தன்னிக்கு. ஒண்ணே ஒண்ணு. சூடா இருந்துச்சு."

எனக்கு அவரைப் பார்த்தால் பாவமாக இருந்தது. "நான் ஒண்ணும் திங்கலை பாஸ்டர், என்னையும் விட்டுட்டாங்க" என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன்.

அப்போது அவர் என்னை ஒழுங்காகப் பார்த்தார். அதுவரை அவர் என்னைப் பார்த்ததே இல்லை போல இருந்தது. நான் பல் கிட்டி நடுங்கிக்கொண்டிருந்தேன். நுரைக் கையால் என்னை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். "சர்வவல்லமையுள்ள பிதாவாகிய தேவனே" என்று ஜெபத்தை ஆரம்பித்தார். மேடைத் தமிழ் அதற்கு மேல் வரவில்லை. தொண்டையைச் செருமிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிறமாதிரி பேசினார்.

"இன்னா ஆண்டவரே இது? என்னிய வுட்டுட்டுப் போனியா, சரி, நான் அதுக்கு லாயக்குதான். இந்தப் புள்ள இன்னா பண்ணான்? இவன் நடுங்கறான் பாரு. இவன வுட்டுறாத. நீ இவன் கூடவே இரு. நான் வோணா எங்க போவணுமோ போறேன்."

அவ்வளவுதான் ஜெபம். ஆமென்கூடச் சொல்லவில்லை. அவர் பெருமூச்சு விட்டு, வேறு ஒரு குரலில் சொன்னார்:

"தா, இங்க பாரு. அவரு வுட்டுட்டுப் போற ஆளே இல்லடா. மூட்டை தூக்கிகினு, சாராயம் குடிச்சுகினு கலீஜா சுத்துன என்னியே தேடிகினு வந்தவரு. நாம இங்க இருந்தா அவரும் இங்கதான் இருப்பாரு."

"அப்ப அவரும் மேல போகலியா?"

"போயிருக்க மாட்டாரு. புள்ள ஒண்ணு நின்னுகினு அழுதுன்னா எப்டிடா போவாரு?"

நான் பக்கத்தில் காலியாக இருந்த கல்லின் ஓரத்தைப் பார்த்தேன். ஒரு ஆள் உட்காரலாம். "அப்ப நாம மூணு பேரு" என்றேன். "ஆமா, மூணு பேரு" என்றார் பாஸ்டர்.

பாப்பா, இதை நன்றாகக் கேள். நான் எந்த நாளை நினைத்துப் பயந்து பயந்து ஓடினேனோ, அந்த நாள் எனக்கு வந்துவிட்டது. அம்மா இல்லை, அக்கா இல்லை, ஊரே இல்லை. ஆனாலும் அந்தக் கல்லின் மேல் என் நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை. சோறு தின்று முடித்தமாதிரி ஒரு நிறைவு. அது ஒத்திகைதான் என்று பிறகு தெரிந்ததே, அதனால் வந்த நிம்மதி இல்லை அது. தெரிவதற்கு முன்னாலேயே வந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் சங்கு நின்றது. சந்து முனையில் கூச்சல் கேட்டது. ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, பிஸ்கட் பொட்டலம் தின்றபடி மொத்தச் சந்தும் திரும்பி வந்தது. முன்னால் மீன்கார அக்கா, வெறுங்காலோடு, ஜெயித்த மிதப்பில். பின்னால் பெரிய அட்டையும் பேனாவுமாக, ஹெல்மெட் போட்ட ஒரு ஆபிசர். எங்களைப் பார்த்ததும் அவர் நின்றுவிட்டார்.

"நீங்க ரெண்டு பேரும் மைதானத்துக்கு வரலையா?"

"இல்ல," என்றார் பாஸ்டர்.

"அப்ப கணக்குப்படி நீங்க ரெண்டு பேரும் இறந்துட்டீங்க சார்."

பாஸ்டர் அம்மாவைப் பார்த்தார், பாஸ்டரம்மாவைப் பார்த்தார், எல்லாரும் உயிரோடு, காலில் மண்ணோடு நிற்பதைப் பார்த்தார். துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்து நின்று, கையை உயர்த்தி, "ஸ்தோத்திரம்!" என்றார்.

ஆபிசர் எங்கள் சந்தின் பெயரை அடித்துவிட்டார். செத்தவர் இருக்கும் தெருவுக்குப் பரிசு கிடையாதாம். மீன்கார அக்கா போட்ட சத்தம் இருக்கிறதே! "ஊரே ஓடுச்சு, இந்த ஆளு நல்லா ஜலக்கிரீடை பண்ணிகினு குந்தினு கீறாரு! எவர்சில்வர் தூக்குய்யா! மூடியோட!" பிறகு பலகையைப் பார்த்தாள். பூனை வஞ்சிரத்தின் தலை வரை தின்று முடித்திருந்தது. அன்று எங்கள் சந்தில் உண்மையாகவே உயிர் பிழைத்தது அந்தப் பூனைதான்.

அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, பிஸ்கட்டைக் கீழே போட்டாள். அன்று சாயங்காலம் எல்லாவற்றையும் சொன்னேன். எக்காளம், செருப்பு, ஓட்டம் எல்லாம். அம்மா தன் சாட்சியை நினைத்துக்கொண்டு முந்தானையால் வாயைப் பொத்தினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. கடையிலிருந்து வந்த அப்பா கேட்டுவிட்டு, "ஏல, இவ ஒன்ன விட்டுட்டு மோட்சத்துக்குப் போவாளா? ரேசன் கடைக்கே ஒன்ன இழுத்துட்டுப் போறவ" என்றார். எங்கள் வீட்டில் அதுதான் பெரிய பிரசங்கம்.

அடுத்த ஞாயிறு பாஸ்டர் நடந்ததை மேடையிலேயே சொன்னார். வடையைக்கூட விடவில்லை. ஜனங்கள் சிரித்து உருண்டார்கள், அவரும் சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் உங்கள ரொம்பப் பயமுறுத்திட்டேன்" என்றார், மேடையில் நின்றுகொண்டே, காசிமேட்டுத் தமிழில். அதன் பிறகும் வருகையைப் பற்றிப் பிரசங்கித்தார். ஆனால் வருகிறவர் எப்படிப்பட்டவர் என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் எக்காளத்துக்குப் போவார். துணிப்படம் மழைக்காலத்தில் ஸ்பீக்கர் பெட்டியை மூடப் போயிற்று. பிறகு அதை நான் பார்க்கவில்லை.

பாப்பா, பயம் தப்பு என்று அப்பா சொல்லமாட்டேன். எத்தனை தடவை வேண்டுமானாலும் கூப்பிடு, வண்டியை விட்டு இறங்கியதும் எடுப்பேன். ஆனால் மணி அடித்துக்கொண்டே இருந்து, நான் எடுக்காமல் இருக்கிறேன் பார், அந்த நேரத்தில் நீ தனியாக இல்லை. பக்கத்தில் இடம் விட்டு உட்கார்ந்து பார். பாஸ்டர் எனக்குக் கொடுத்தது அவ்வளவுதான், எனக்கு அது இத்தனை வருஷமாகப் போதுகிறது. தம்பி, நீ சிரிக்காதே. உனக்கும் ஒருநாள் இது வேண்டியிருக்கும்.

இன்னும் ஒன்று, இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்தப் பயம் பிடித்திருந்த காலம் முழுக்க நான் முகத்துக்குச் சோப்புப் போட்டதே கிடையாது. போட்டால் கண்ணை மூட வேண்டும், மூடினால் அதற்குள் எல்லாரும் போய்விட்டால்? வெறும் தண்ணீரை அடித்துக்கொண்டு வந்துவிடுவேன். பாஸ்டர் மேடையில் சிரித்த அந்த ஞாயிறு சாயங்காலம் நான் குளிக்கப் போனேன். தட்டிக் கதவைச் சாத்தி, கம்பியை மாட்டினேன். முகம் நிறையச் சோப்புப் போட்டு, இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டேன். வெளியே அம்மா யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். நடுவில் பேச்சு நின்றது. எங்கேயோ போய்விட்டாள் போல. நான் கண்ணைத் திறக்கவில்லை. கையால் துழாவிச் சோப்பை எடுத்து, இன்னொரு தடவை போட்டேன்.